கம்பஸ் காசு

ஜீவராஜ் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, அப்பாவின் கவ்வாத்துக் கத்தியால் அப்பாவின் மரண பேனரின் அடிப்பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் தேயிலைக் கிளைகளை ஒரே வீச்சில் சாய்த்த கத்தி. அவன் கையில் அது விண்ணப்பப் படிவம் நிரப்புகிற பேனாவைப் போலத் தயங்கித் தயங்கிப் போனது. பிடித்திருக்கிற ஆள் யாரென்று கத்திக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பேனரைக் கட்டியிருந்தார்கள். செல்லசாமி, எழுபது வயது. பிறந்த திகதி சரி, வியாழக்கிழமை காலையில் இறந்த திகதியும் சரி. படம் அருமை. கஷ்டம் அதற்குக் கீழே இருந்தது. தங்க நிற எழுத்தில் ஒரு வரி: 'தமது சேவைக்காலப் பணம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்துக்கு ஈந்த பெருந்தகை.' அதற்கும் கீழே வங்கிக் கணக்கு இலக்கம். அழுத கையோடு வைப்பிலிட்டுவிட்டும் போகலாம்.

தங்கை புருஷன் நிரோஷன் செய்த வேலை. வீட்டில் இருந்ததிலேயே நல்ல படம் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், நன்கொடை கேட்டு அச்சடித்து அனுப்பிய சிறு புத்தகத்தில்தான் இருந்தது என்று அதைத் தலவாக்கலை டவுனில் பேனர் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோய், "இதுல இருக்கிற மாதிரியே போட்ருங்க" என்று சொல்லியிருக்கிறான். கடைக்காரர் சொன்ன சொல் தவறாதவர்.

"அண்ணே, அப்பாவ ஏன் அறுக்குற?"

கீழே தங்கை சுதர்ஷினி நின்றாள். அழுது வீங்கிய முகம். கையில் பிளேன்டீத் தட்டு.

"எழுத்துப் பிழைம்மா."

"எங்க, காட்டு."

அறுந்து தொங்கிய துண்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவனால் அரைமணி நேரமாக முடியாததை அவள் ஒரே இழுப்பில் முடித்தாள். பிரித்து, சத்தமாக வாசித்தாள். "ஈந்த பெருந்தகை. பெருந்தகைன்னா யாரு, அப்பாவா?"

"மெதுவாப் பேசு புள்ள."

"நீ எழுதுனதுதான. வாசிக்கிறதுக்குத்தான எழுதுன?" துண்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்கு இது புதுசில்ல. நான் ஏற்கெனவே வாசிச்சாச்சு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் பிளேன்டீத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

ஜீவராஜ் படித்ததும் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில்தான், வேலை பார்ப்பதும் அங்கேதான். அதன் நிதி திரட்டும் பிரிவில், இரண்டு தடவை நீட்டப்பட்ட தற்காலிக வேலை. உலகம் முழுக்க நல்லாயிருக்கிற பழைய மாணவர்களுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதிக் காசு கேட்க வேண்டும். கம்பஸ் படித்தும் மகன் கையேந்துகிறானே என்று அம்மா காளியாயி ஆரம்பத்தில் கவலைப்பட்டாள். நூலகத்தின் பெரிய வாசிப்பு மண்டபம் கூரை ஒழுகிப் பூட்டிக் கிடந்தது. அரசாங்கத்திடம் காசில்லை. அந்த மண்டபத்தில்தான் ஜீவராஜுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு மின்விளக்கும் கிடைத்தன. ஒற்றைக் காம்பராவில், ஒரே அறையில், ஐந்து பேரோடு வளர்ந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் அந்தக் கூரைக்காகக் கையேந்த அவனுக்கு வெட்கமாக இல்லை.

போன வருடம் நன்கொடைக் கோரிக்கைப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு வேலை ஓய்ந்ததற்கான சேவைக்காலப் பணம் வந்த சமயத்தில், அவரோடு போனில் பேசினான். அதற்கு ஒரு கிழமை முந்தித்தான் கணக்கு இலக்கம் போட்ட துண்டுப்பிரசுரங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

"சர்விஸ் காசு வந்துருச்சாமேப்பா?"

"வந்துச்சு வந்துச்சு. எல்லாத்தையும் கம்பஸுக்குப் போட்டாச்சுப்பா."

அதோடு சிக்னல் போய்விட்டது. ஜீவராஜ் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். வந்து உட்கார்ந்து அப்பாவின் கதையை ஒரே மூச்சில் எழுதினான். மூன்று மொழியில் அச்சாகியது. பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. அப்பாவைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில், கேட்காமலிருப்பது வசதியாக இருந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, லிந்துலைச் சந்தியில் நிரோஷன் ஒரு சிவப்பு முச்சக்கரவண்டியோடு நின்றான். அதன் முன்கண்ணாடி நெற்றியில், பழைய சொந்தக்காரன் ஒட்டிவிட்டுப் போன பெரிய வெள்ளை ஆங்கில எழுத்துக்கள்: கம்பஸ்.

"ஏறுங்க மச்சான். மாமாவோட சர்விஸ் காசுல எடுத்தது."

தோட்டத்தின் மூன்றாம் டிவிசன் முழுக்க அந்த வண்டிக்கு அதுதான் பெயர். கம்பஸ் வந்துருச்சா, கம்பஸைக் கூப்பிடு, கம்பஸ்ல ஏறிப் போயிடு. "நீங்க மட்டுமா தம்பி கம்பஸ் போனீங்க, நாங்களும்தான் தெனம் போறோம்" என்று லயத்துப் பெண்கள் அவனைக் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். புத்தகம் மூவாயிரம் பிரதிகள் ஊரூராகப் போய்விட்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்குள் ரிஸ்வி ஹாஜியாரின் கடிதம் வந்திருந்தது. தலவாக்கலைக் கடைக்காரர் மகன், அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து நாற்பது வருடம் வெளிநாட்டில் சம்பாதித்தவர். 'ஒரு தோட்டத் தொழிலாளியே தன் ஆயுள் காசைக் கொடுத்திருக்கும்போது நான் என்ன கொடுத்தேன் என்று வெட்கமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். கூரையை முழுதாக அவரே போட்டுத் தருவதாக ஏற்பாடு. வருகிற திங்கட்கிழமை கையெழுத்து. கையெழுத்தானால் மண்டபம் திறக்கும், ஜீவராஜின் வேலை நிரந்தரமாகும்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

வெள்ளை ஜீப் ஒன்று, காலையில் வேலைக்கு ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்து வளைவில் திரும்பி ஏறி வந்தது. அலுவலகத்தில் யாரோ பழைய மாணவர் குழுவில், 'நமது நிதியின் முகம் மறைந்தது' என்று போட்டிருந்தார்கள். ஜீவராஜ் அதைக் காலையில் பார்த்திருந்தான். முகத்தைத் தேடி ஆளே வந்துவிடுவார் என்று நினைக்கவில்லை.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தபடி இறங்கி, அவனை அப்படியே அணைத்துக்கொண்டார்.

"மவுத்துச் செய்தி கேட்டதும் இரிக்க முடியல்ல மகன். நேர்ல பாக்கக் கெடைக்கல்லயே." பேனரை நிமிர்ந்து பார்த்தார். "கீழ கிழிஞ்சிரிக்கே."

"காத்துங்க ஹாஜியார்."

ஓர் இலைகூட அசையவில்லை. மலையின் பாதியை மூடிய மூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே, காம்பராவில் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். யாரோ சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருந்தார்கள். ஹாஜியார் காலடியில் நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காளியாயியிடம் குனிந்தார்.

"உங்கட வீட்டுக்காரர் பெரிய மனுசர்மா."

காளியாயி அவரைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. கடைசி வரைக்கும் நடந்தாரு" என்றாள்.

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று ஜீவராஜ் நினைத்தான். எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த சுதர்ஷினி மட்டும் அவனையே பார்த்தாள்.

அவன் வெளியே ஓடித் தோட்டத் தலைவரைப் பிடித்தான். பெட்டி தூக்குவதற்கு முன் மைக்கில் நாலு பேர் பேசுவது வழக்கம். பட்டியல் தலைவர் கையில்.

"தலைவரே, ஜீப்புல வந்தவரப் பேசக் கூப்பிட வேணாம். களைச்சுப் போயி வந்திருக்காரு."

"களைச்சுப் போயி ஜீப்புலயா வந்தாரு?" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, அவ்வளவு தூரத்துல இருந்து வந்த மனுசன் ரெண்டு வார்த்த பேசாமப் போனா நம்ம டிவிசனுக்குத்தான் கேவலம். அதெல்லாம் மொதல் பேரா எழுதியாச்சு."

தப்பு மேளம் நின்றது. மைக் இரண்டு தடவை இருமியது. ஹாஜியாரைக் கூப்பிட்டார்கள்.

ஜீவராஜ் கூட்டத்தின் ஓரத்தில், சடங்குக்குக் குளித்த ஈர வேட்டியோடு நின்றான். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் செல்லசாமியின் சர்விஸ் காசு எங்கே போனதென்று தெரியும். தோட்டத்தில் ஒருவருக்கு வந்த சர்விஸ் காசு எப்படிப் போனது என்பது பேப்பரில் வருகிற செய்தியைவிட நிச்சயமானது. யாராவது ஒருவர் சிரித்தால் போதும். பெட்டி தூக்குவதற்கு முன்னாலேயே அப்பா பொய்யராகிவிடுவார். பொய் சொன்னவன் வேட்டி நனைந்து நிற்பான்.

"நான் பெருசாப் பேச வரல்ல" என்று ஹாஜியார் தொடங்கினார். "என்ட வாப்பா தலவாக்கலையில கடை வச்சிருந்தவர். இந்த மலையில இருந்து வாற சனங்கட காசுலதான் என்னப் படிக்க வச்சவர். நான் கம்பஸுக்கு ஒண்டும் திருப்பிக் குடுக்கல்ல. இந்த மனுசர், தன்ட சர்விஸ் காச முழுசா கம்பஸுக்குக் குடுத்தவர்."

ஜீவராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. "ஆமாங்க" என்று ஒரு குரல் வந்தது. "கம்பஸுக்குத்தான் குடுத்தாரு" என்றது இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது தலைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அவனுக்கு உடனே விளங்கியது. பெட்ரோல் விலை எல்லாம் பார்க்காமல் வண்டி வாங்கிவிட்ட மனுசனைப் பெரியவர் ஒருவர் மைக்கில் பாராட்டுகிறார். இதிலென்ன இருக்கிறது சிரிக்க.

பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். "ஐயா சொல்றது நெசம். அந்தக் கம்பஸ் இல்லாட்டி எம்மவ இன்னைக்கு இல்லிங்க."

ஹாஜியார் மைக்கை இறக்கினார். "உங்கட மகளும் கம்பஸா?"

"எத்தன வாட்டி போயிருப்பா. பேரப்புள்ள பொறந்ததே கம்பஸ்லதாங்க."

ஹாஜியாரின் வாய் திறந்தபடி நின்றது. மருத்துவ பீடத்து ஆஸ்பத்திரி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"எங்க லயத்துல எல்லாருமே கம்பஸ் போனவங்கதாங்க" என்றார் பின்னாலிருந்து ஒரு கிழவர். "நானே மூணு தடவ போனேன், கண்ணு ஆப்பரேசனுக்கு."

ஹாஜியார் லயத்தின் பன்னிரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண் நிறைந்தது. மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோனார். "நான் ஒரு முடிவோட வந்தன். இப்ப அத மாத்துறன். கூரை மட்டுமில்ல. மண்டபம் முழுக்க நானே கட்டித் தாறன். அதுக்கு இவர்ட பேர் வைக்கணும். செல்லசாமி வாசிப்பு மண்டபம்."

கூட்டத்தில் சலசலப்பு. கம்பஸுக்கு மண்டபம் எதற்கு, ஷெட்டாக இருக்கும் என்று யாரோ பக்கத்தில் விளக்கம் சொன்னார்கள்.

ஜீவராஜுக்கு மூச்சு திரும்பியது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலை வந்ததில்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்த ஒருவரின் பெயர், கல்லில் செதுக்கி, அந்த வாசலில். உள்ளே நானூறு பிள்ளைகள், நானூறு நாற்காலிகள். யாருக்கு என்ன நட்டம்?

தப்பு மறுபடி தொடங்கியது. பெட்டியை வெளியே கொண்டுவரத் தயாரானார்கள். சுதர்ஷினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் தோளோடு தோள் நின்றாள்.

"சந்தோஷமா?"

"விடும்மா. யாருக்கும் கெடுதல் இல்ல."

"தை மாசம் ஒன் ஆபீஸ்ல இருந்து அந்தப் புத்தகம் தபால்ல வந்துச்சு. நன்றிக் கடிதாசியோட. அப்பா பேருக்கு."

அவன் திரும்பினான்.

"நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டு வாட்டி வாசிக்கச் சொன்னாரு. மறுநா கிளினிக்குக்குப் போகணும், எங்க வீட்டுக்காரரு கம்பஸக் கொண்டாந்து நிப்பாட்டுறாரு, அப்பா ஏற மாட்டேங்குறாரு."

"ஏன்?"

"அண்ணன் எழுதிப்புட்டான், அது தானம் குடுத்த கம்பஸ் காசாகிருச்சு, நான் ஏறக் கூடாதுன்னுட்டாரு. சனங்க ஏறட்டும், நான் ஏறக் கூடாதாம். மூணு மாசம்ணே. ரெண்டு மைல்கட்ட தூரம் போக, ரெண்டு கட்ட வர. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நின்னு நின்னு போவாரு. இவரு பின்னாலயே வெறும் ஆட்டோவ உருட்டிக்கிட்டுப் போவாரு, உழுந்தாத் தூக்குறதுக்கு." அவள் குரல் உயரவில்லை. "ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவன் பொழப்பு கெட்டுரும்னு."

தப்புச் சத்தத்தில் ஜீவராஜுக்கு அவள் உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைவது தெரிந்தது.

கீழே வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. மலர்வளையங்கள் எடுக்கப் போன நிரோஷன் திரும்பி வருகிறான். இன்னும் இரண்டு வளைவு. நெற்றியில் எழுத்தோடு அது தானாக வந்து நின்றுவிடும். அதற்கு முன்னால் சொன்னால்தான் சொன்னது ஆகும்.

அவன் ஹாஜியாரிடம் நடந்தான்.

"ஹாஜியார், ஒரு விஷயம்."

"என்ன மகன்?"

"அப்பா கம்பஸுக்குக் காசு குடுக்கல்லங்க."

"கேக்கல்ல. சத்தமாச் சொல்லுங்க."

"அப்பா எங்க யூனிவர்சிட்டிக்கு ஒரு சதங்கூடக் குடுக்கல்ல. நான்தான் பொய்யா எழுதிட்டேன்."

இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் தப்புக்காரர் தோளை மாற்றிக்கொள்ள நிறுத்தியிருந்தார். ஜீவராஜின் குரல் பெரட்டில் பேர் கூப்பிடுகிற மேற்பார்வைக் கண்டாக்கின் குரல் மாதிரி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நூற்றைம்பது பேரும் திரும்பினார்கள்.

"குடுத்தாரேப்பா" என்றாள் அம்மாக்கண்ணு, அவனைப் பார்த்துப் பரிதாபமாக. "இந்தா வருதுல்ல."

கம்பஸ் முக்கி முனகி ஏறி வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றது. பின்சீட் முழுக்க மலர்வளையம். நிரோஷன் இறங்கி, எல்லோரும் தன்னையே பார்ப்பது ஏனென்று தெரியாமல் சட்டை பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஹாஜியார் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். எழுத்தை வாசித்தார். சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். திரும்ப முன்னால் வந்து இன்னொரு தடவை வாசித்தார். அம்மாக்கண்ணுவிடம் கேட்டார்: "இதுலயா பேரப்புள்ள பொறந்திச்சி?"

"ஆமாங்க. லிந்துல ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட. சீட்ட நாங்களே கழுவிக் குடுத்துட்டோம்."

அவர் தலையசைத்தார். சிரிக்கவில்லை. ஜீவராஜிடம் வந்தார்.

"வாப்பாக்குத் தெரியுமா, நீங்க எழுதினது?"

"தெரியுமாம்ங்க. இப்பத்தான் தங்கச்சி சொன்னா."

"என்ன செஞ்சார்?"

ஜீவராஜ் சொன்னான். பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மிச்சத்தையும் சொன்னான். ஹாஜியார் வாசலுக்கு உள்ளே, பெட்டி இருந்த பக்கம் பார்த்தார்.

"நேரமாவுது" என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

பெட்டியைத் தூக்கினார்கள். காளியாயி வாசல் வரை வந்து, மகனின் கையில் தண்ணீர்க் குடத்தைச் சரியாக வைத்துவிட்டு, "பாத்துப் போ, வழுக்கும்" என்று மட்டும் சொன்னாள். தேயிலை மலைக்கு நடுவில் இறங்குகிற பாதையில் முன்னால் போகும்போது, ஜீவராஜ் காதைப் பின்னால் வைத்திருந்தான். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தான். தப்பு கேட்டது, யாரோ வழுக்கி விழுந்து திட்டுவது கேட்டது. ஜீப் கேட்கவில்லை.

குழியில் இறக்கிய பிறகு ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஹாஜியார் கடைசியில் வந்தார். சப்பாத்தை வரம்பிலேயே கழற்றி வைத்திருந்தார். குனிந்து, மூன்று தடவை கைநிறைய மண் அள்ளிப் போட்டார். உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

கூட்டம் மேலே ஏறத் தொடங்கியது. இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"திங்கட்கிழமை ஆபீஸ்ல நானே எல்லாத்தையும் சொல்லிர்றேங்க" என்றான் ஜீவராஜ். "உங்க கடிதத்தையும் திருப்பி அனுப்பிடறேன்."

"திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இரிக்கி."

தேயிலைக்குள்ளிருந்து ஒரு குருவி கத்தியது. ஹாஜியார் கையிலிருந்த மண்ணைப் பார்த்தபடி கேட்டார்: "கூரை ஒழுகுறதாச்சும் உண்மையா?"

"அது உண்மைங்க. பதினோரு வாளி வச்சிருக்கு."

"பதினொண்டு."

"எண்ணித்தாங்க சொல்றேன்."

ஹாஜியார் ஜுப்பாப் பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். ஜீவராஜ் மூடியைத் திறந்து அவர் கைகளில் ஊற்றினான். சிவந்த மண் கரைந்து விரலிடுக்கு வழியே ஓடியது. அவர் கையை உதறிவிட்டுப் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"காட்டுங்க."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். ஹாஜியார் ஊற்றினார். சீக்கிரமே மண் போய், தண்ணீர் தெளிவாக விழத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை. போத்தல் காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.